வாயை மூடினால் போதுமா? மிராண்டா பற்றிய அரைகுறைப் பேச்சுக்கு ஒரு பதில்

கோடங்கி:
பக்கத்து இழையில் ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் மிராண்டா எச்சரிக்கை சொல்லாமல் விசாரித்தால் கேஸே தள்ளுபடி. வாயை மூடி உட்கார்ந்தால் போதும், ஐந்தாவது திருத்தம் காப்பாற்றும்." (மிராண்டா எச்சரிக்கை என்பது, காவலில் வைத்து விசாரிக்கும் முன் "நீ பேசாமலிருக்கலாம், பேசினால் அது உனக்கு எதிராகலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்" என்று போலீஸ் சொல்ல வேண்டியது. ஐந்தாவது திருத்தம் என்பது, தனக்கெதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அமெரிக்க அரசியல் சட்ட விதி.) இரண்டு வரி, இரண்டும் தப்பு. 1966-இல் தீர்ப்பு வாங்கிய எர்னஸ்டோ மிராண்டாவே தப்பவில்லை ஐயா. வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு, முன்பு அவரோடு வாழ்ந்த பெண்ணின் சாட்சியத்தை வைத்து 1967-இல் மறுபடி தண்டித்தார்கள். எச்சரிக்கை சொல்லாவிட்டால் அடிபடுவது வாக்குமூலம்தான், கேஸ் இல்லை. அதுவும் முழுதாக அடிபடாது. கூண்டில் ஏறி மாற்றிச் சொன்னால் அதே வாக்குமூலத்தை எடுத்து மடக்கலாம் (ஹாரிஸ் வழக்கு, 1971).

வாயை மூடுவதற்கு வருவோம். தாம்ப்கின்ஸ் வழக்கு, 2010. மிச்சிகனில் நடந்த கொலைக்கு ஒஹையோவில் விசாரணை. இரண்டே முக்கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு "ஆமாம்". பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 5-4 என்று உச்ச நீதிமன்றம் அதை அப்படியே நிற்கவிட்டது.

நிலாமுற்றம்:
எழுதியது நான்தான், பேர் சொல்லியே குத்தலாம். "வாயே திறக்கவில்லை"யா? தீர்ப்பைப் படித்தீர்களா, தலைப்பை மட்டும் படித்தீர்களா? பெப்பர்மின்ட் நீட்டினார்கள், வேண்டாம் என்றான். நாற்காலி கடினமாக இருக்கிறது என்றான். பேசியவனைக் காட்டி "பேசாமலிருந்தும் மாட்டினான்" என்கிறீர்கள். முழுக்க வாயை மூடியிருந்தால் தப்பியிருப்பான். நான் சொன்னதும் அதுதான்.

கோடங்கி:
பெப்பர்மின்ட் வேண்டாம் என்பது வாக்குமூலமா? நல்ல வேளை, தண்ணீர் கேட்கவில்லை.

நீதிபதி கென்னடி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு மிட்டாயில் நிற்கவில்லை. மௌன உரிமை வேண்டுமென்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சொல்லாதவரை போலீஸ் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் சாரம். எச்சரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட மறுத்ததும் உதவவில்லை. பேசாமலிருக்கும் உரிமைக்கு வாய் திறந்து பேச வேண்டியிருக்கிறதே என்று நீதிபதி சோட்டோமேயர் மாறுபட்ட தீர்ப்பில் இடித்துக் காட்டினார்.

திண்ணைவாசி:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். மிராண்டா பொருந்த இரண்டு வேண்டும்: காவலில் இருக்க வேண்டும், விசாரணையும் நடக்க வேண்டும். சாலையில் வண்டியை நிறுத்திக் கேட்பது பொதுவாகக் காவல் ஆகாது (பெர்கெமர், 1984). சிறைக்குள் கைதி வேடத்தில் இருக்கும் போலீஸ்காரரிடம் உளறினாலும் மிராண்டா வராது (பெர்கின்ஸ், 1990). முதலில் "காவல்" என்றால் என்ன என்று முடிவு செய்துகொண்டு பேசினால்...

நிலாமுற்றம்:
அதெல்லாம் பிறகு, திண்ணை. "வாயே திறக்கவில்லை" பொய்யா இல்லையா? அதற்கு மட்டும் பதில் வரட்டும். இன்னொன்று, "ஒரே ஒரு ஆமாம்" என்பதும் தப்பு. கடவுளை நம்புகிறாயா? ஆமாம். பிரார்த்தனை செய்கிறாயா? ஆமாம். அந்தப் பையனைச் சுட்டதற்கு மன்னிக்கச் சொல்லி வேண்டுகிறாயா? ஆமாம். ஆக மூன்று. எண்ணத் தெரியாதவர் சட்டம் சொல்லித்தருகிறார்.

கோடங்கி:
மாட்டிவிட்டது மூன்றாவது, அதைத்தான் ஒன்று என்றேன். கைபேசி இழையில் ரைலி தீர்ப்பைக் காட்டியதும் (2014, கைதானவரின் போனைத் துழாவ வாரண்ட் வேண்டும்) சத்தமில்லாமல் போனவர் இங்கே எண்ணிக்கை பார்க்கிறார்.

சரி, மிட்டாயே இல்லாத கேஸ் தருகிறேன். சலினாஸ், 2013, ஹூஸ்டன். தானாக ஸ்டேஷனுக்குப் போனார், கைது இல்லை. ஒரு மணி நேரம்போல பதில் சொன்னார். உன் துப்பாக்கியோடு தோட்டா உறைகள் பொருந்துமா என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மௌனத்தையே அரசு வக்கீல் ஜூரி முன் ஆதாரமாக வைத்தார். 20 வருஷம். உங்கள் "வாயை மூடினால் போதும்" இங்கே ஏன் காப்பாற்றவில்லை?

நிலாமுற்றம்:
உரிமையை வாய்விட்டுக் கேட்கவில்லை, அதனால் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது மூன்று நீதிபதிகள்தான். பெரும்பான்மை இல்லை.

கோடங்கி:
அரசுப் பக்கம் சேர்ந்த மற்ற இரண்டு நீதிபதிகள் யார் என்று சொல்ல வேண்டியதுதானே? தாமஸும் ஸ்காலியாவும். உரிமையை வாய்விட்டுக் கேட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்ற கட்சி அவர்கள். அது உங்களுக்கு இன்னும் பாதகம்.

மணல்மேடு:
ஒரு திருத்தம். அவன், இவன் என்று ஏன் எழுதுகிறீர்கள்? விசாரணையில் இருப்பவர் குற்றம் சாட்டப்பட்டவர்கூட இல்லை, சந்தேகத்துக்கு உரியவர். உரிமை பேசும் இழையில் மரியாதை இல்லை.

நிலாமுற்றம்:
மொழிப் போலீஸும் வந்தாச்சு. எச்சரிக்கை சொல்லிவிட்டு எழுதுங்கள்.

மணல்மேடு:
நம் ஊர் சட்டத்தையும் பாருங்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் இங்கே பொதுவாகச் செல்லாது. நந்தினி சத்பதி வழக்கில் (1978) நீதிபதி கிருஷ்ணய்யர் மிராண்டாவையும் எடுத்துப் பேசி, தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் நம் அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவைப் போலீஸ் விசாரணை வரைக்கும் நீட்டினார்.

கோடங்கி:
அதற்குத் தனி இழை போடுங்கள். இங்கே கேள்வி என்ன செய்ய வேண்டும் என்பது. "நான் பேசப்போவதில்லை, வக்கீல் வேண்டும்" என்று நேராகச் சொல்ல வேண்டும். "வக்கீலிடம் பேசலாமோ என்னவோ" என்றால் அது கோரிக்கை ஆகாது (டேவிஸ், 1994). இரண்டில் வக்கீல் கேட்பதுதான் கெட்டிச் சுவர். பேசமாட்டேன் என்று மட்டும் சொன்னால், இரண்டு மணி நேரம் விட்டு வேறு அதிகாரி வேறு குற்றம் பற்றிக் கேட்கலாம் (மோஸ்லி, 1975). வக்கீல் கேட்டால் அவர் வரும்வரை நிறுத்த வேண்டும் (எட்வர்ட்ஸ், 1981). நீங்களே பேச்சைத் தொடங்கினால் அந்தச் சுவர் போச்சு. காவலிலிருந்து விட்டு 14 நாள் கழிந்தாலும் போச்சு (ஷாட்சர், 2010). எச்சரிக்கையே சொல்லவில்லை என்று அதற்காக மட்டும் அதிகாரி மேல் நஷ்டஈடு வழக்குப் போடவும் வழியில்லை (டெகோ, 2022).

திண்ணைவாசி:
எட்வர்ட்ஸும் காவலில் இருந்தால்தானே? அதனால்தான் முதலிலேயே...

நிலாமுற்றம்:
இத்தனை பேர் ஊரைச் சொல்லிவிட்டு இன்னும் ஒன்றுக்குப் பதில் இல்லை. பெப்பர்மின்ட் வேண்டாம் என்று சொன்னானா இல்லையா?

கோடங்கி:
சொன்னார். மௌன உரிமையைக் கேட்டாரா இல்லையா?

நிலாமுற்றம்:
அப்போ "வாயே திறக்கவில்லை" பொய். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.