கிளை ரவுட்டர் விழுந்தால் ஒரே ஒரு எஸ்எம்எஸ்: நாகியோஸ் அலர்ட் அனுபவம்

கோவையில் தலைமை அலுவலகமும் திருப்பூர், பொள்ளாச்சி, ஈரோடு பக்கம் கிளைகளும் உள்ள ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். கண்காணிப்புக்கு நாகியோஸ் என்ற மென்பொருள். அலர்ட் மெயிலிலும் வரும், சர்வரில் செருகியிருக்கும் யுஎஸ்பி மோடம் வழியாக எஸ்எம்எஸ்ஸாகவும் வரும். அந்த மோடத்தை யாரும் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். தலைமை அலுவலக இன்டர்நெட்டே போய்விட்டால் மெயில் வெளியே போகாது. ஆன்லைன் எஸ்எம்எஸ் சேவைக்கும் அதே லைன்தான் வேண்டும்.

ஒரு மழை நாள் சாயங்காலம் ஒரு கிளையில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. போகும்போதெல்லாம் ரவுட்டர், ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட், கேமரா ரெக்கார்டர், பிரிண்டர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எஸ்எம்எஸ். திரும்ப வந்தால் மறுபடியும் அத்தனையும். நம் ப்ரீபெய்டு திட்டங்களில் பெரும்பாலும் நாளுக்கு 100 எஸ்எம்எஸ்தான். இருட்டுவதற்குள் அது தீர்ந்துவிட்டது. அன்று ராத்திரி தலைமை அலுவலக லைன் விழுந்ததை நாகியோஸ் சரியாகவே கண்டுபிடித்தது. ஆனால் செய்தி சிம்மைத் தாண்டவில்லை. காலையில் பில் போட உட்கார்ந்தவர் கூப்பிட்டுச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பெரிய திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ரவுட்டர் விழுந்ததற்கு இத்தனை செய்தி வந்தால் படிப்பவரே சலித்துப்போய் போனை சைலன்டில் போட்டுவிடுவார்.

பலன் கொடுத்தது நாகியோஸ் அமைப்புக் கோப்பில் உள்ள 'பேரன்ட்ஸ்' வரி. கிளையில் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும், அதற்கு முன்னால் நிற்பது எது என்று அதன் ஹோஸ்ட் (கண்காணிக்கப்படும் கருவி) வரையறையில் எழுத வேண்டும். அதன்பின் ரவுட்டர் விழுந்தால் அது மட்டும் 'டவுன்', மற்றவை 'அன்ரீச்சபிள்', அதாவது வழி அடைபட்டதால் எட்ட முடியாதவை. இதோடு நிறுத்திவிட்டால் அன்ரீச்சபிளுக்கும் செய்தி வந்துகொண்டே இருக்கும். ஆகவே எந்தெந்த நிலைக்குச் செய்தி அனுப்புவது என்று சொல்லும் 'நோட்டிஃபிகேஷன் ஆப்ஷன்ஸ்' வரியிலிருந்து, அன்ரீச்சபிளைக் குறிக்கும் 'யு' எழுத்தை எடுத்துவிட வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் இது.

அப்புறம் 'மேக்ஸ் செக் அட்டெம்ப்ட்ஸ்', அதாவது எத்தனை முறை தொடர்ந்து சோதனை தோற்றால் பழுது என்று உறுதி செய்வது என்ற எண். கிளை ரவுட்டர்களுக்கு 5, மறுசோதனை இடைவெளி 1 நிமிடம். முதல் தோல்விக்குப் பின் நான்கு நிமிடம் தொடர்ந்து பதில் இல்லாவிட்டால்தான் நிலை 'ஹார்ட்' (உறுதியானது) ஆகும், அப்போதுதான் செய்தி கிளம்பும். கரண்ட் போய் உடனே வந்து ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும் நேரம் இதற்குள் அடங்கிவிடுகிறது. தலைமை அலுவலக லைனுக்கு மட்டும் 3 போதும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிரிண்டர், ஆக்சஸ் பாயின்டுக்கெல்லாம் இப்போது மெயில் மட்டும்தான்.

ஜாபிக்ஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே எது எதைச் சார்ந்தது என்பதை ஹோஸ்டுக்கு எழுத முடியாது, ட்ரிக்கருக்கு (பழுது என்று அறிவிக்கும் நிபந்தனைக்கு)த்தான். ரவுட்டரைப் பார்க்கும் முன்பே ஸ்விட்ச் சோதனை தோற்றுவிட்டால் ஸ்விட்ச் செய்தி முந்திக்கொண்டு போய்விடும். ரவுட்டரை அடிக்கடி சோதிக்கும்படியும், ஸ்விட்ச் ட்ரிக்கர் சில நிமிடம் பொறுத்து எழும்படியும் வையுங்கள்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறோம். தினமும் காலை 9 மணிக்கு க்ரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக இயக்கும் வசதி) மூலம் அதே மோடத்திலிருந்து ஒரு சோதனை எஸ்எம்எஸ் வரும். வராத நாளில் முதலில் பார்ப்பது சிம் ரீசார்ஜின் காலம் முடிந்துவிட்டதா என்று. அது சரியாக இருந்தால் அப்புறம் மோடம்.