சுடும் விளையாட்டுகளுக்கு நடுவே மற்ற வகைகள் நலிகின்றனவா?

வியூகப்பித்தன் (சாட்ஸ்வர்த், டர்பன்):
வணக்கம். எங்கள் பகுதிப் பிள்ளைகள் கூடினால் ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டூட்டி போன்ற சுடும் கணினி விளையாட்டுகள் தவிர வேறு பேச்சே இல்லை. நான் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற வியூக விளையாட்டை ஆடி வளர்ந்தவன். 2010இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2க்குப் பிறகு அந்த அளவுக்குப் பேசப்பட்ட நிகழ்நேர வியூக விளையாட்டு (முறைக்குக் காத்திராமல் எல்லாரும் ஒரே நேரத்தில் படை நடத்துவது) எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. சுடும் விளையாட்டுகள் மற்ற வகைகளை விழுங்கிவிட்டனவா?

பழைய ஆட்டக்காரர் (ஜோகன்னஸ்பர்க்):
தம்பி, நலிவு உண்மைதான். ஆனால் பழியைச் சுடும் விளையாட்டின் மேல் போடுவது சரியன்று. வியூக விளையாட்டின் ஆட்களை இழுத்துக்கொண்டது அதன் வயிற்றில் பிறந்த பிள்ளையே. வார்கிராஃப்ட் 3 என்ற வியூக விளையாட்டுக்குள் ரசிகர்கள் உருவாக்கிய டோட்டாவிலிருந்துதான் 2009இல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸும் 2013இல் டோட்டா 2உம் கிளைத்தன. நான்கு நண்பர்களுடன் சேர்ந்து, ஒரே ஒரு வீரனை மட்டும் இயக்கி, அதையும் இலவசமாக ஆடலாம் என்றானபின், விளைச்சல், படை, வேவு அனைத்தையும் தனியொருவராக ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிய பழைய வகைக்குப் புதியவர்கள் வருவது குறைந்துவிட்டது.

ஆயினும் அது சாகவில்லை. 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 2019இல் மெருகேற்றப்பட்டு மீண்டும் வந்தது. 2022இல் திராவிடர் என்றொரு நாகரிகமே அதில் சேர்க்கப்பட்டது. இராசேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடலாம். திரிசடை என்னும் போர்க்கப்பலைக் கட்டலாம். இருபது ஆண்டுகள் கடந்தும் இப்படி வளரும் வகையை நோயாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேப் டவுன் வாசகி:
அண்ணா சொல்வதை ஏற்கிறேன். ஒருவர் பின் ஒருவராக முறைவைத்து ஆடும் விளையாட்டுகளையும் பாருங்கள்: தி கேம் அவார்ட்ஸ் விருது விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாக 2023இல் பால்டர்ஸ் கேட் 3உம், 2025இல் கிளேர் ஆப்ஸ்கியூரும் தேர்வாயின. எங்கள் ஊர் ஃப்ரீ லைவ்ஸ் நிறுவனம் 2015இல் புரோஃபோர்ஸ் என்ற சுடும் விளையாட்டை வெளியிட்டது. அதே நிறுவனம் 2023இல் டெரா நில் கொண்டுவந்தது. அதில் பாழ்நிலத்தைப் பசுமையாக்கியபின், நாம் கட்டிய இயந்திரங்கள் அனைத்தையும் நாமே பிரித்தெடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அனைவரும் ஒரு முறையாவது ஆடிப் பார்க்க வேண்டும்.

ரோஸ் ஹில் தமிழன் (மொரிசியஸ்):
எங்கள் தீவிலிருந்து, இணைய ஆட்டத்தை நடத்தும் ஐரோப்பிய சர்வருக்கு 9,000 கிலோமீட்டருக்கும் மேல்; தகவல் போய்வரத் தாமதமாவதால், நாம் குறிபார்ப்பதற்குள் எதிராளி சுட்டு முடித்திருப்பார். முறைவைத்து ஆடுவதில் இந்தத் தொல்லை இல்லை. என்னைக் கேட்டால், புதிய சுடும் விளையாட்டுகளின் நிலைதான் கவலைக்குரியது. சோனியின் கான்கார்ட் என்ற சுடும் விளையாட்டு 2024 ஆகஸ்ட் 23இல் வெளிவந்து, செப்டம்பர் 6இல் நிறுத்தப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணமும் திருப்பித் தரப்பட்டது. நண்பர்களும், ஆட்ட வீரனுக்குக் காசு கொடுத்து வாங்கிய உடைகளும் ஃபோர்ட்நைட்டில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு யார் வருவார்கள்?