எண்ட் டாஸ்க் குடுத்தா திரும்ப வருது: வீட்டு கம்ப்யூட்டர்ல நீங்க பாத்த ஆட்வேர் கதையச் சொல்லுங்க

நைட்ஷிப்ட்_நண்பன்

அக்கா வீட்டு லேப்டாப்ல ஆட்வேர், அதாவது கேக்காமயே விளம்பரத்தக் கொண்டு வந்து கொட்டுற ப்ரோக்ராம். பிடிஎஃப் கன்வர்ட்டர்னு எதையோ இறக்கிருக்காங்க, அன்னிலேர்ந்து எந்த சைட் தொறந்தாலும் கூடவே ரெண்டு டேப் தொறக்குது, சர்ச் பண்ணா பேரே கேள்விப்படாத பக்கத்துக்குப் போகுது, இதெல்லாம் எல்லாரும் பாத்ததுதான். டாஸ்க் மேனேஜர்ல, அதான் ஓடிட்டு இருக்குற ப்ரோக்ராம் லிஸ்ட்ல, வாய்ல நுழையாத பேர்ல ஒரு ப்ராசஸ். எண்ட் டாஸ்க் குடுத்தேன், போச்சு, அப்பாடான்னு நிமிர்றதுக்குள்ள திரும்ப வந்து நிக்குது. பின்னாடி நின்ன மாமா "என்ன மாப்ள, உன்ன மதிக்கவே மாட்டேங்குது"ங்கறார்.

அப்புறம் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்னு டாஸ்க் மேனேஜர விட விவரமா காட்டுற டூல் போட்டுப் பாத்தா ஆளு ரெண்டு பேரு. ஒருத்தன் செத்தா இன்னொருத்தன் எழுப்பி விட்றான். கில் பண்ணாம மொதல்ல ரெண்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ணேன், தூங்குறவனுக்குக் கூட்டாளி செத்தது தெரியாதில்ல, அதுக்கப்புறம் ஒவ்வொருத்தனா கில் குடுத்து ஃபைலையும் அழிச்சாச்சு. ஆனா இன்னிக்கும் உறுத்துறது என்னன்னா, ரெண்டு ஃபைல்லயும் டிஜிட்டல் சிக்னேச்சர் இருந்துச்சு. வெரிஃபைட்னே காட்டுச்சு. அப்ப எத நம்பி நல்லவன் கெட்டவன் பிரிக்கிறது?

தாமிரபரணி_தண்ணி

எங்க வீட்ல ப்ராசஸே கெடையாது, அதான் கொடும. அப்பா பேப்பர் படிக்கிற நேரத்துல ஸ்கிரீன் வலது ஓரத்துல "உங்கள் கணினியில் வைரஸ்"னு செவப்புக் கட்டம், ஒண்ண மூடுனா இன்னொண்ணு. நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா அப்பா சட்டையெல்லாம் மாட்டி, சிபியூவ ஒரு துண்டுல சுத்தி இடுக்கிக்கிட்டு செருப்புத் தேடிட்டு இருக்காரு, கடைக்குக் கொண்டு போறாராம். ஏதோ ஒரு சைட்ல நோட்டிபிகேஷன் கேட்டப்போ அலவ் அமுக்கிருக்காரு, அவ்ளோதான் மேட்டர். ப்ரௌசர் செட்டிங்ஸ்ல நோட்டிபிகேஷன் லிஸ்ட்டுக்குப் போயி அந்த சைட்ட ரிமூவ் பண்ணேன், அடங்கிடுச்சு. "அப்ப வைரஸ் எங்க போச்சு?"ன்னு கேக்குறாரு. வைரஸே இல்லப்பான்னு சொன்னா நம்பவே இல்ல, இப்பவும் நம்பல.

ஃபார்மட்_பிரியன்

சஸ்பெண்டாம் கில்லாம். ஃபார்மட் போட்டு விண்டோஸ் புதுசா ஏத்துனா ஒரு மதியத்துல வேலை முடிஞ்சுது. எங்க தெருவுல யாரு கூப்ட்டாலும் நான் இதான் பண்றேன்.

கீபோர்டு_கண்ணம்மா

ஃபார்மட் அண்ணா, அந்த மாதிரி ஒருத்தர்தான் எங்க வீட்டுக்கும் வந்து ஃபார்மட் போட்டாரு. குழந்தையோட ஸ்கூல் போட்டோ ஃபோல்டர் காலி, அது தனி வயித்தெரிச்சல். சரி தொலையட்டும், சுத்தமாச்சேன்னு குரோம்ல லாகின் பண்றேன், புக்மார்க் வருது, பாஸ்வேர்டு வருது, பின்னாலயே அதே கூப்பன் எக்ஸ்டென்ஷனும் ஜம்முனு வந்து ஒக்காருது! சிங்க், அதான் நம்ம செட்டிங்ஸ அக்கவுண்ட்ல சேத்து வெக்கிறது, ஆன்ல இருந்தா எக்ஸ்டென்ஷனும் அக்கவுண்ட்லயேதான் இருக்கும், டிஸ்க்க அழிச்சா அது எப்படிப் போகும்? எக்ஸ்டென்ஷன தூக்குன பெறகுதான் நின்னுச்சு. இத ஃபார்மட் போடாமயே செஞ்சிருக்கலாம். வந்தவர் காசு வாங்கிட்டுப் போயிட்டாரு.

பழைய_பென்டியம்

என் கதை சின்னது. ஆட்வேர தூக்குன உடனே நெட் செத்துப் போச்சு. அதே வைஃபைல போன் ஓடுது, கம்ப்யூட்டர்ல ஒரு பக்கமும் தொறக்கல, பையனுக்கு அன்னிக்கு அப்ளிகேஷன் போட கடைசி நாள் வேற, "எதுக்குப்பா நீ கைய வெச்ச"ன்னு மொறைக்கிறான். பாத்தா ப்ராக்ஸி செட்டிங்ஸ்ல, அதான் நெட்டுக்கு நடுவுல யார் வழியா போகணும்னு சொல்ற எடத்துல, 127.0.0.1னு ஒக்காந்திருக்கு, அது அதே கம்ப்யூட்டரோட அட்ரஸ்தான். நம்ம ட்ராஃபிக் எல்லாம் அந்தத் திருட்டு ப்ரோக்ராம் வழியாத்தான் போய்ட்டு இருந்திருக்கு, அவன் போனதும் வழியில ஆள் இல்ல. ப்ராக்ஸிய ஆஃப் பண்ணதும் சரியாச்சு, அப்ளிகேஷனும் போட்டாச்சு.

இங்க எல்லாரும் பேர வெச்சே தேடுறீங்க, அதுக்காகத்தான் எழுதுறேன். பேருக்கு மதிப்பே கெடையாது, ஃபைல் எங்க இருக்குன்னு பாருங்க. டாஸ்க் மேனேஜர்ல ரைட் கிளிக் பண்ணி ஓப்பன் ஃபைல் லொகேஷன் குடுங்க. எஸ்விசிஹோஸ்ட்னு விண்டோஸோட சொந்த ப்ராசஸ் ஒண்ணு இருக்கு, அந்தப் பேர் போட்டது சிஸ்டம்32 ஃபோல்டர்லயோ சிஸ்வாவ்64லயோ இருந்தா சரி, ஆப்டேட்டா ரோமிங்லயோ டெம்ப்லயோ ஒக்காந்திருந்தா சந்தேகப்படுங்க. எழுத்து மாறி எஸ்சிவிஹோஸ்ட்னும் வரும், கண்ணு ஏமாந்துடும். ஆனா எஸ்விசிஹோஸ்ட் நெறைய ஓடுதேன்னு ஒவ்வொண்ணா கில் பண்ணாதீங்க, அது நெறையத்தான் ஓடும். ஆப்டேட்டால இருக்குறதெல்லாம் கெட்டதும் இல்ல, நல்ல சாஃப்ட்வேர் சிலதும் அங்கதான் குடியிருக்கு, ஃபைல பல ஆன்ட்டிவைரஸ்ல சோதிச்சுக் காட்டுற வைரஸ்டோட்டல் சைட்ல ஒரு தடவ போட்டுப் பாத்துக்குங்க. அடுத்தது டாஸ்க் ஷெட்யூலர், இத யாருமே பாக்க மாட்டேங்குறீங்க, லாகின் ஆகும்போதெல்லாம் ப்ரௌசர ஒரு லிங்க்கோட தொறன்னு ஒரு டாஸ்க் போட்டு வெச்சிருப்பான், ப்ராசஸ எத்தன தடவ கொன்னாலும் அது மறுபடி கெளப்பி விடும். தானா ஸ்டார்ட் ஆகுறதையெல்லாம் லிஸ்ட் போடுற ஆட்டோரன்ஸ் டூல்ல மைக்ரோசாஃப்ட் என்ட்ரிய மறைச்சுட்டுப் பாத்தா எல்லாம் ஒரே எடத்துல தெரியும், உடனே டிலீட் அடிக்காம டிக்க மட்டும் எடுத்துப் பாருங்க, ஏதாவது ஏடாகூடமானா திரும்பப் போட்டுக்கலாம். டெஸ்க்டாப்ல இருக்குற குரோம் ஷார்ட்கட்டையும் ப்ராப்பர்ட்டீஸ்ல பாருங்க, டார்கெட் வரியோட கடைசில ஒரு சைட் அட்ரஸ் ஒட்டிருந்தா அதான் ஹோம்பேஜ் மாறுறதுக்குக் காரணம். இதுக்கெல்லாம் நேரமில்லன்னா ஆட்வேர தேடி அழிக்கிற ஆட்வ்கிளீனர் போடுங்க, 2016ல மால்வேர்பைட்ஸ் வாங்குனாங்களே அதேதான், ஓசிதான். விண்டோஸோட கூடவே வர்ற ஆன்ட்டிவைரஸ் டிஃபெண்டர்லயே தேவையில்லாத ஆப்ப தடுக்குற ஆப்ஷன் இருக்கு, ஆன்ல இருக்கான்னு பாருங்க.

நைட்ஷிப்ட்_நண்பன்

நன்றி சார், ஆனா நான் கேட்டது சிக்னேச்சர் பத்தி.

ராத்திரி_ரவுட்டர்

நண்பா, சிக்னேச்சர்னா இந்தப் பேர்ல உள்ளவன் கையெழுத்துப் போட்டான், அதுக்கப்புறம் ஃபைல் மாறலன்னு மட்டும்தான் அர்த்தம். அவன் யோக்கியன்னு அது சொல்லல. ஆட்வேர் கம்பெனியும் கம்பெனிதானே, காசு கட்டி சர்டிஃபிகேட் வாங்கிப்பான்.

இதவிட மோசமும் நடந்திருக்கு. 2015 பிப்ரவரில வெளிய வந்த சூப்பர்ஃபிஷ்ங்கற ஆட்வேர் விஷயத்தப் படிச்சுப் பாருங்க, லெனோவாவோட சில லேப்டாப்ல கடையிலேர்ந்து வரும்போதே இருந்துச்சு. விளம்பரம் நுழைக்கிறதுக்காக தன்னோட ரூட் சர்டிஃபிகேட்டயே, அதான் எந்த சைட்ட நம்பலாம்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ற அடிப்படைச் சான்று, விண்டோஸ்ல போட்டு வெச்சிருந்துச்சு, பூட்டு போட்ட சைட்டுக்கு நடுவுல நின்னும் படிக்கலாம். எல்லா மிஷின்லயும் ஒரே சாவி வேற. ப்ரோக்ராம அன்இன்ஸ்டால் பண்ணாலும் சர்டிஃபிகேட் அப்படியே கெடக்கும், அத தனியா எடுக்கணும். ஆக ப்ராசஸ் லிஸ்ட் சுத்தமா இருக்குன்னு நிம்மதியா தூங்கிட முடியாது.

ஃபார்மட்_பிரியன்

அதான் சொன்னேன், ஃபார்மட்.

கீபோர்டு_கண்ணம்மா

கம்பெனி குடுத்த ரெக்கவரில ஏத்துனா கம்பெனி போட்டதெல்லாம் திரும்ப வரும்ணா.

வடை_வித்_வைஃபை

எங்க மாமனார் கம்ப்யூட்டர்ல குரோம் மெனு அடியில "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது"ன்னு ஒரு வரி. எக்ஸ்டென்ஷன் ரிமூவ் பட்டனே அமுங்கல. மாமனார் ரிட்டயர்ட் தலைமையாசிரியர், கண்ணாடிய எறக்கி விட்டுட்டு "எந்த நிறுவனம் மாப்பிள்ளை? நான்தான் 2011லயே ரிட்டயர் ஆயிட்டேனே"ங்கறாரு, எனக்கு சிரிப்ப அடக்க முடியல. விண்டோஸ் செட்டிங்ஸ் எல்லாம் சேமிச்சு வெக்கிற ரெஜிஸ்ட்ரில பாலிசீஸ் கீழ குரோம்னு ஒரு கீ இருந்துச்சு, அந்த எக்ஸ்டென்ஷன கட்டாயமா ஏத்துன்னு அதுலதான் எழுதி வெச்சிருக்கான். பேக்கப் எடுத்துட்டு அத அழிச்சு குரோம மூடித் தொறந்தேன், நிறுவனம் காலி. சில ஆன்ட்டிவைரஸும் இந்த வரிய கொண்டு வரும்ங்கறாங்க, உள்ள என்ன எழுதிருக்குன்னு பாத்துட்டு அழிங்க.

புது_மெம்பர்_நான்

எனக்கும் அதே வரி வருது! உடனே அழிக்கட்டுமா? ஆபீஸ்ல குடுத்த லேப்டாப் இது.

வடை_வித்_வைஃபை

ஐயய்யோ கைய எடுங்க. உங்களுக்கு நெஜமாவே நிறுவனம் இருக்கு.