கான்சாஸ் அறிவியல் தரநிலைகள்: இறுதிச் சொல் யாருடையது?

கயல்விழி:
அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் 1999இல் பள்ளிகளில் பரிணாமத்தைக் கற்பிப்பதைத் தடைசெய்தது என்று பலர் எழுதுகிறார்கள். தடை எதுவும் போடப்படவில்லை. நடந்தது அதைவிட நுட்பமான வேலை. அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அடங்கிய 27 பேர் குழு, பள்ளிகளுக்கான அறிவியல் தரநிலைகளை எழுதிக் கொடுத்திருந்தது. கல்வி வாரியத்தில் இருந்த சிலர் அதை ஒதுக்கிவிட்டு, உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்று வாதிடும் படைப்புவாத அமைப்பு ஒன்றின் உதவியோடு மாற்று வரைவைத் தயாரித்தார்கள். அந்த ஆகஸ்டில் 6-4 என்ற வாக்குக் கணக்கில் வாரியம் ஏற்றுக்கொண்ட வடிவத்தில், ஓர் உயிரினத்துக்குள் நிகழும் சிறு மாற்றங்கள் இருந்தன. புதிய உயிரினங்கள் கிளைத்து உருவாவதும், புவியின் வயதும், பெருவெடிப்பும் காணாமல் போயிருந்தன. பைபிளின் படைப்புக் கதையைச் சொல்லும் ஆதியாகமத்தை அவர்கள் உள்ளே கொண்டுவரவில்லை. படைப்புவாதத்தையும் சேர்த்தே கற்பிக்கச் சொன்ன லூசியானா சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1987இலேயே ரத்து செய்துவிட்டதால், அந்த வழி அடைபட்டிருந்தது. ஆனால் தரநிலைகளில் இல்லாததால் மாநிலத் தேர்வில் வராத பகுதியை, ஆண்டு முடிவதற்குள் பாடத்தை முடிக்கத் திணறும் ஆசிரியர் முதலில் கைவிடுவார். யாரும் தடுக்காமலே ஒரு பாடம் வகுப்பறையிலிருந்து மறைந்துவிடும்.

தேவதாஸ்:
நீங்கள் சொல்லும் வாரியத்தின் 10 உறுப்பினர்களும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். வல்லுநர் குழு தருவது பரிந்துரை மட்டுமே. எதைக் கற்பிப்பது என்பதை உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்களின் முடிவுக்கே வாரியம் விட்டிருந்தது. வரி செலுத்திப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் நம்பிக்கைக்குப் பாடத்திட்டத்தில் எந்த இடமும் கிடையாது என்றால், அப்பள்ளிகளைப் பொதுப் பள்ளிகள் என்று எப்படிச் சொல்வது?

கயல்விழி:
வாரியத்தின் அதிகாரத்தை நான் மறுக்கவில்லை. அந்த அதிகாரம் எதுவரை செல்லும் என்றுதான் கேட்கிறேன். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் வாரியத்தின் பெரும்பான்மை மாறியது, 2001இல் பரிணாமம் திரும்பியது. பிறகு பெரும்பான்மை மீண்டும் மாற, 2005 நவம்பரில் அறிவியல் என்பதன் வரையறையிலேயே கைவைத்தார்கள். இயற்கையில் காண்பவற்றுக்கு இயற்கையான விளக்கங்களைத் தேடுவது என்றிருந்த பகுதியை நீக்கி, இயற்கைக்கு அப்பாற்பட்ட விளக்கங்களுக்கும் இடம் உண்டாகும்படி திருத்தினார்கள். 2007 பிப்ரவரியில் அதுவும் மாற்றப்பட்டது. எட்டே ஆண்டுகளில் நான்கு முறை! இந்தக் காலத்தில் பாறைகளிலோ புதைபடிவங்களிலோ எதுவும் மாறிவிடவில்லை. வாரியத்தின் இருக்கைகளில் அமர்ந்தவர்கள்தான் மாறினார்கள்.

அந்தோணி:
நான் கத்தோலிக்கன் என்பதால் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இதைக் கிறிஸ்தவர்களுக்கும் அறிவியலுக்கும் இடையிலான சண்டையாகக் காட்டுவது சரியல்ல. பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996இலேயே அறிவித்தார்.

தேவதாஸ்:
அதை மதிக்கிறேன். ஆனால் 2005 மே மாதம் கான்சாஸின் தலைநகர் டொபீகாவில் வாரியம் விசாரணை அமர்வுகளை நடத்தியபோது அறிவியலாளர்கள் அவற்றைப் புறக்கணித்தார்கள். சான்றுகள் வலுவாக இருந்தால் வந்து பேசத் தயங்கியது ஏன்?

கயல்விழி:
அந்த அமர்வுகளை நடத்திய மூன்று உறுப்பினர்களும் மாற்றத்தை ஏற்கெனவே ஆதரித்தவர்கள். முடிவு தெரிந்த இடத்தில் சாட்சி சொல்வது அந்த முடிவுக்கு மரியாதை சேர்ப்பதாகவே முடியும். நடுநிலையான மன்றம் கிடைத்தபோது அவர்கள் பின்வாங்கவில்லை. உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ கருத்தைப் பள்ளியில் புகுத்தியதை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்து, அதே ஆண்டு நடந்த பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் முதல் சாட்சியாக வந்த உயிரியலாளர் கென்னத் மில்லர், அந்தோணி அவர்களைப் போலவே ஒரு கத்தோலிக்கர். அறிவார்ந்த வடிவமைப்புக்காகச் சாட்சியம் அளித்த மைக்கேல் பீஹி, தமது வரையறையின்படி சோதிடமும் அறிவியல் கோட்பாடாகும் என்பதைக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். கான்சாஸ் வாரியம் திறந்துவிட்ட கதவும் அந்த இடத்துக்கே இட்டுச் செல்லும்.

தேவதாஸ்:
வரையறையை வாரியம் தொட்டிருக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனாலும் வல்லுநர்கள் எழுதியதை அப்படியே வழிமொழிவதற்கு மட்டும் ஒரு வாரியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

கயல்விழி:
வழிமொழிய வேண்டாம். ஏற்க மனமில்லையென்றால் காரணங்களை எழுத்தில் பதிவு செய்து, வரைவை எழுதிய குழுவிடமே திருப்பி அனுப்பட்டும்; குழு பதில் தரட்டும்; இரண்டையும் பெற்றோர் படிக்கட்டும். தலைமுறைகளாகச் சேர்ந்த ஆய்வை, வெளியாரின் வரைவைக் கொண்டு ஒரே கூட்டத்தில் வெட்டுவதற்கு மட்டும் வாரியத்துக்கு உரிமை இருக்கக் கூடாது.