இடுப்பு 88 செ.மீ., கழுத்து 41 செ.மீ.: எதைக் கணக்கில் எடுப்பது?

கேள்வி:
எனக்கு 44 வயது. ஐந்தாண்டுகளுக்கு முன் தைத்த சட்டைகள் தோளிலும் வயிற்றிலும் இன்றும் பொருந்துகின்றன. கழுத்துப் பொத்தானை மட்டும் போட முடிவதில்லை. நாடாவால் அளந்தால் கழுத்து 41 செ.மீ., இடுப்பு 88 செ.மீ. வருகிறது. இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருந்தால் போதும் என்று படித்து நிம்மதியாக இருந்தேன். ஆனால் சென்ற மாதப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு 210. கழுத்தில் சேரும் கொழுப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, அல்லது நான்தான் வீணாக முடிச்சுப் போடுகிறேனா?

மறுமொழி 1:
முடிச்சு வீணானதன்று. உடலின் மேற்பகுதியில் கொழுப்பு சேர்பவர்களையும் தொடைப் பகுதியில் சேர்பவர்களையும் பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் 1947இலேயே பிரித்துக் காட்டினார். முன்னவர்களுக்கே நீரிழிவு மிகுதி என்பது பின்னர் உறுதியானது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வில் 3,000க்கும் மேற்பட்டோரின் கழுத்தை அளந்து 2010இல் வெளியிட்ட முடிவுகளில், வயிற்றின் உட்கொழுப்பைக் கணக்கில் கழித்த பிறகும், கழுத்துச் சுற்றளவுக்கும் ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு, இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) ஆகியவற்றுக்கும் இடையே தொடர்பு எஞ்சி நின்றது. மேலுடம்பின் தோலடிக் கொழுப்பு, தொடைக் கொழுப்பைக் காட்டிலும் எளிதில் உடைந்து கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் கலக்கவிடுகிறது. ஈரல் அவற்றை டிரைகிளிசரைடாக மாற்றி வெளியே அனுப்ப, தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்வதும் மந்தமாகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆயினும் இது தொடர்புதான். கழுத்துக் கொழுப்பே நோயை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்றாகாது.

மறுமொழி 2:
முதலில் அளவு சரியா என்று பாருங்கள். தையற்காரர் கழுத்தின் அடிப்பகுதியில் இரு விரல் தளர்வு விட்டு அளப்பார். மருத்துவ அளவு, நேராகப் பார்த்து நிற்கும்போது குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே, நாடா தோலை அழுத்தாமல் எடுக்கப்படுவது. இடுப்பையும் பேன்ட் கட்டும் இடத்தில் அளந்திருந்தால் அந்த 88 செல்லாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். தைராய்டு வீக்கமும் உடற்பயிற்சியால் பருத்த தசையும்கூடக் கழுத்தளவைக் கூட்டும். நாடாவைவிடக் கண்ணாடி சில சமயம் அதிகம் சொல்லும்: பிடரியில் தோல் கறுத்து, வெல்வெட் துணிபோல் தடித்திருந்தால் அது பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது.

மறுமொழி 3:
குறட்டை உண்டா என்பதை யாரும் கேட்கவில்லையே! எனக்குக் கழுத்து 43 செ.மீ. இருந்தபோது, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதை என் மனைவிதான் கவனித்துச் சொன்னார். தொண்டையைச் சுற்றிச் சேரும் கொழுப்பு மூச்சுப்பாதையை நெருக்குகிறது. இரவு முழுவதும் ஆக்சிஜன் இறங்கி ஏறுவதால் உடல் பதற்றநிலையிலேயே இருந்து, சர்க்கரையும் அழுத்தமும் உயர்கின்றன.

கேட்டவர்:
மீண்டும் அளந்தேன்: கழுத்து 39.5, இடுப்பு 94. பேன்ட் கட்டும் இடத்தில்தான் அளந்திருக்கிறேன். பிடரிக் கறுப்பை இத்தனை நாளும் சங்கிலி உரசியதால் வந்தது என்றே நினைத்திருந்தேன். சங்கிலி படாத இடத்திலும் அது இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனைக்குத் திங்களன்று செல்கிறேன். குறட்டையைப் பற்றி வீட்டில் கேட்டேன். பதிலுக்குச் சிரிப்புதான் வந்தது.