வடம் லூசா, மச்சான் லூசா?

ஜெசிந்தா: பாம்பனில் 3ஆம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள். நம்ம வள்ளத்தை யாராவது போய்ப் பார்த்தீர்களா?

அருள்: இங்கேதான் நிற்கிறேன். சகாயம் மச்சான் லூசு. உடனே கட்டணும்.

சகாயம்: யாருடா லூசு?

அருள்: ஐயோ, மச்சான் கட்டிய வடம் லூசு. அவசரத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போச்சு.

ஜெசிந்தா: விட்டுப்போன மாதிரி தெரியலையே.

சகாயம்: வள்ளத்தில் பங்கு பிரித்த அன்றைக்கும் இதே வார்த்தைதான்.

ஞானம் சித்தப்பா: சண்டை வேண்டாம். இங்கிலீஷில் லூஸ் என்றால் பைத்தியம் இல்லை. அவிழ்ந்தது, இறுக்கம் இல்லாதது. ஸ்காண்டிநேவியாக்காரர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். அவர்களும் நம்மைப் போல் கடல்காரர்கள். கேர்லெஸ் என்கிறோமே, அதன் வாலில் இருக்கிற லெஸ்ஸும் இதற்குச் சொந்தம்தான். ஸ்க்ரூ லூஸ் என்று இங்கிலீஷ்காரன் முழுசாகச் சொன்னதில் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, லூசை மட்டும் மனுஷன் தலையில் ஏற்றியது நாம்தான் என்பது என் கணிப்பு.

மரியா அத்தை: தம்பி, பேரனுக்கு நேற்றிலிருந்து லூஸ் மோஷன். அதுவும் நார்ஸா?

ஜெசிந்தா: ஓஆர்எஸ் கொடுங்க அத்தை.

மரியா அத்தை: வீட்டில் தீர்ந்துபோச்சு. எல்லாம் அந்த நெத்திலிக் கருவாடு. பாக்கெட் வேண்டாம், லூசில் வாங்குங்க என்றது யார்?

சகாயம்: அதுவும் நானா?

ஞானம் சித்தப்பா: இன்னொன்று. பாய்க்கப்பல் காலத்தில் கட்டு அவிழ்ந்த பீரங்கி தளத்தில் உருண்டு சொந்த ஆளையே நசுக்கும். எப்போது யார் மேல் பாய்வான் என்று தெரியாதவனை லூஸ் கேனன் என்பார்கள்.

அருள்: சகாயம் மச்சான்!

சகாயம்: இதிலும் ஒரு வார்த்தை விட்டுப்போச்சா?

ஜெசிந்தா: காற்று ஏறுது. வள்ளம் எந்தப் பக்கம் நிற்குது?

அருள்: வடகடல். பின்வடம் ஒரு முழம் தொங்குது. அலை தூக்கும்போது பக்கத்து வள்ளத்தில் இடிக்குது. இடித்த இடத்தில் பெயிண்ட் போய்ப் பலகை தெரியுது.

மரியா அத்தை: 64இல் தனுஷ்கோடி போன அன்றைக்கு ஐயா மூன்று நங்கூரம் போட்டார்.

சகாயம்: வந்துக்கிட்டே இருக்கேன். அருள், டார்ச் எடுத்து வை. புது வடத்துக்குப் பணம் யாரு?

ஞானம் சித்தப்பா: இங்கிலீஷில் லூஸ் என்று எழுதி, அதில் ஒரு ஓவை எடுத்தால் இழப்பது என்று அர்த்தம் மாறும்.

சகாயம்: பணம் மாமா, பணம்.

ஜெசிந்தா: முதலில் கட்டுங்க அத்தான். அதை நாளைக்குப் பேசலாம்.

சகாயம்: பங்கு பிரித்தபோதும் நாளைக்குத்தான்.

மரியா அத்தை: வருகிறவர் அப்படியே இரண்டு ஓஆர்எஸ் வாங்கி வாங்க.