42 கேவிஏ தாண்டினால் ஐஸ் ஆலை தாக்குப்பிடிக்குமோ?

மயிலிட்டிக்கரை:
வணக்கம். கட்டி ஐஸ் ஆலை, நாளுக்கு 10 தொன். கொம்பிரசர், பம்பு எல்லாம் சேர்த்து 30 கிலோவாற், பவர் ஃபாக்டர் (இழுக்கிற மின்சுமையில் உண்மையா வேலைக்குப் போற பங்கு) 0.75. இப்ப இலங்கையில் சிறு தொழிற்சாலைக்கான ஐ-1 மின்கட்டணம். அதே அளவில் இன்னொரு கொம்பிரசர் பூட்டினால் 42 கேவிஏ (லைனில் இழுக்கிற மொத்த மின்சுமை) தாண்டி, அதுக்கு மேலான ஐ-2 கட்டணத்துக்குப் போகவேணும். கேவிஏக்குத் தனிக் காசு, இரவு முன்பகுதியில் கூடின விலை. கட்டுப்படியாகுமோ? ஆர்-22 எண்ட பழைய குளிர்வாயுவில் ஓடுற பாவிச்ச கொம்பிரசர் ஒண்டும் மலிவாக் கிடைக்குது.

மின்பலகை:
கட்டுப்படியாகும். ஆனால் முதல் வேலை பவர் ஃபாக்டர். 60 கிலோவாற்றை 0.75 இல் ஓட்டினால் 80 கேவிஏ, 0.95 க்கு ஏத்தினால் 63. அதுக்கு 35 கேவிஏஆர் (கப்பாசிற்றரை அளக்கிற அலகு) அளவு கப்பாசிற்றர் வேணும். நேரடியாப் பூட்டி விடாதேங்கோ: மோட்டர் நிண்ட பிறகும் கப்பாசிற்றர் லைனில் இருந்தால் வோல்ற்றேஜ் ஏறும். தானாகப் படிபடியாப் பூட்டிக் கழட்டுற பனல் எடுங்கோ. வேகக் கட்டுப்பாட்டு ட்ரைவ் பாவிக்கிறதெண்டால் 7% றியாக்டரும் (கப்பாசிற்றரைக் காக்கிற கம்பிச்சுருள்) சேருங்கோ, இல்லாட்டி ட்ரைவ் கிளப்புற ஹார்மோனிக்ஸில் (மின் அலைக் குழப்பத்தில்) கப்பாசிற்றர் ஊதிவெடிக்கும்.

மீற்றர் 15 நிமிடச் சராசரியைத்தான் பதியும், மாதத்தில் ஆகக்கூடினதுக்குத்தான் பில். கப்பாசிற்றர் பிறேக்கர் விழுந்ததை ஒரு கால்மணி கவனியாமல் விட்டாலும் 80 பதிஞ்சிடும். அந்த மாதம் முழுக்க 17 கேவிஏ வீண் காசு. பிறேக்கருக்கு ஒரு அலாம் வையுங்கோ.

மயிலிட்டிக்கரை:
சொஃப்ற் ஸ்டார்ட்டர் (மோட்டரை மெதுவாத் தொடக்கிற கருவி) போட்டால் கேவிஏ குறையுமோ?

மின்பலகை:
பெரிசாக் குறையாது. ஸ்டார்ட் இழுவை சில செக்கன்தான், 15 நிமிடச் சராசரியில் கரைஞ்சிடும். வோல்ற்றேஜ் விழுகிற இடத்துக்கு அது நல்லது, பில்லுக்காக வாங்காதேங்கோ.

உவர்த்தொட்டி:
ஐ-2 இல் 18:30–22:30 தான் கூடின விலை; 22:30 முதல் 05:30 வரை ஆகக்குறைவு. ஐஸ் ஆலைக்கு இது வாய்ப்பு, ஏனெண்டால் ஐஸ் அச்சுகள் நிக்கிற உவர்நீர்த் தொட்டி குளிரைப் பிடிச்சு வைக்கும். அந்த நாலு மணித்தியாலம் கொம்பிரசரை நிப்பாட்டி, உவர்நீர் கலக்கியை மட்டும் ஓட விடுங்கோ. கட்டிகள் மெதுவா உறைஞ்சுகொண்டேயிருக்கும். 18:00 மணிக்குப் புதுத் தண்ணி ஊத்தின கான்களை (ஐஸ் அச்சுத் தகரங்களை) இறக்கினால் உவர்நீர் சூடேறி, இரவு மீட்கவே நேரம் போகும். கான் மாத்துறதை 22:30 க்குப் பிறகு வையுங்கோ. தொட்டி மூடியும் பக்கக் காப்பும் ஒழுகினால் இந்தக் கணக்குச் சரிவராது.

விலை பேசும்போது ரூபாயை நம்பாமல் அலகில் கணக்குப் பாருங்கோ: எங்கட வெப்பத்தில் தொன்னுக்கு 55–70 மின் அலகு. கட்டணம் 2025 ஜனவரியில் சராசரி 20% குறைஞ்சு, ஜூனில் 15% கூடினது. வருசக் கணக்கில் நிலையான விலைக்கு ஐஸ் எழுதிக் குடுக்கிறவருக்கு இதுதான் பெரிய ஆபத்து.

குளிர்வாயு:
ஆர்-22 ஐ எடுக்கவே வேண்டாம். ஓசோனைக் காக்கிற மொன்றியல் உடன்படிக்கைப்படி வளரும் நாடுகள் இந்த வகை வாயுவை 2025 முதல் 67.5% குறைச்சிருக்கவேணும், 2030 முதல் 2.5% பராமரிப்பு மிச்சம்தான். இறக்குமதியும் அனுமதிப் பத்திரத்துக்குள்ள. வாயு அரிதாகி விலை ஏறும், ஒரு கசிவு வந்தால் ஆலை நிக்கும். புதுசா அமோனியா பாருங்கோ. ஆனால் செம்பு, பித்தளை எங்கேயும் இருக்கக்கூடாது, அரிச்சுப்போடும், உருக்குக் குழாய்தான். வீடுகளுக்கு அருகெண்டால் இடத்தையும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தையும் காசு குடுக்க முதல் முடியுங்கோ.